உடும்புப்பிடியும் காளான் அண்ணியும்

உடும்பையும் காளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று பார்க்க யாருக்காவது தோன்றுமா? அந்த அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த நிர்வாகிக்குத் தோன்றியது. அவரை முழுக்கக் குறை சொல்வதற்கும் இல்லை. பின்பக்கக் கட்டடத்தின் கூரை ஒழுகியது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, கூரையைவிட ஒட்டு அதிகம் என்ற நிலைக்கு வந்தபோது, கட்டடத்தையே பூட்டிவிடுவதென்று முடிவு செய்தார்கள். அதில் இருந்தவை இரண்டே அறைகள். ஒன்றில், தோலை உரித்து உள்ளே தூள் அடைத்துப் பாடம் செய்த விலங்குகள். இன்னொன்றில் மெழுகில் செய்த காளான்கள். அறைக்கு ஒருத்தியாக இரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். முன்மண்டபத்தில் காலியாக நின்றதோ ஒரே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதை ஒட்டி வேலை செய்ய ஒரு சின்ன அறை. எவளுடைய பொருள் பெட்டிக்குள் போகிறதோ அவளுக்கு அந்தச் சின்ன அறையும் தன் வேலையும் மிஞ்சும். மற்றவளின் பொருட்கள் துணி சுற்றிக் கிடங்குக்குப் போகும். மற்றவள் டிக்கெட் ஜன்னலுக்குப் போவாள்.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்த இரண்டு அறைக்காரிகளும் ஒரே வீட்டுக்காரிகள். விலங்குகளைப் பாடம் செய்கிறவள் நாத்தனார். மெழுகுக் காளான் செய்கிறவள் அவளுடைய அண்ணி. இருவருக்கும் நடுவில் ஒரு தையற்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். ஒருத்திக்கு அண்ணன், இன்னொருத்திக்குக் கணவர். கீழே அவருடைய கடை, மேலே வீடு. கடையில் எவ்வளவு வேலை கிடந்தாலும் மேலே ஏறுவதற்கு முன்னால் படியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

நாத்தனாருக்கு உடும்புப்பிடி என்று பெயர். உடும்பைப் பாடம் செய்ததால் வந்த பெயர் இல்லை அது, அதற்கு வெகுகாலம் முன்பே ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் அண்ணன் அவளை விட்டுவிட்டு விளையாடப் போகப் பார்த்தபோது சட்டையைப் பிடித்தவள், சட்டை கிழியும்வரை விடவில்லை. தான் ஊசி நூலைக் கையில் எடுத்ததே அன்றைக்குத்தான் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வளர்ந்த பிறகும் அவள் மாறவில்லை. கல்யாணப் பேச்சோடு வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, செத்த விலங்கின் தோலை உரிப்பது எப்படி என்று விளக்கிச் சொல்லி அனுப்பிவைத்தாள். வேலையைப் பிடித்தாள், அதை விடவே இல்லை.

அவள் தனியாகச் செய்து முடித்த முதல் வேலை அந்த உடும்பு. விலங்குப் பூங்காவில் கிழடாகிச் செத்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை, ஒரு மனுஷன் நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். தினமும் காலையில் அறையைத் திறந்ததும் முதலில் அதன் தலையைத் தட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பாள். யாரும் பார்க்காத நேரத்தில் அதனிடம் அண்ணியைப் பற்றிப் புகார் சொல்வதும் உண்டு.

அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. காட்டில் விழுந்து மக்கிப்போன மரங்களில் அடுக்கடுக்காக முளைக்குமே சாம்பல் நிறக் காளான், அதை அப்படியே மெழுகில் கொண்டுவந்திருந்தாள். குடைக்கு அடியில் இருக்கிற மெல்லிய மடிப்புகளை ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்தாள். பெருக்க வந்த அம்மாள் ஒருமுறை அதிலொன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் வாணலியில் போட்டு, அது உருகி ஓடியதும் பயந்துபோய் வேலையையே விட்டுவிட்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு தனக்கு யாரும் தந்ததில்லை என்பது அண்ணியின் கட்சி.

நிர்வாகி இரண்டு பொருட்களையும் வந்து பார்த்தார். இரண்டும் மண் நிறமாகத்தானே இருக்கின்றன என்றார். சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், அன்றைக்கு இரண்டையும் முன்மண்டபத்தில் எதிரும் புதிருமாக வைப்போம், எதைச் சுற்றி அதிகம் பேர் நிற்கிறார்களோ அது பெட்டிக்குள் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளேயே குடை தேவைப்பட்ட கட்டடம் அது.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஒப்பிடுதல் தொடங்கிவிட்டது. உடும்புக்கு நாலு கால், காளானுக்கு ஒரே கால் என்று உடும்புப்பிடி ஆரம்பித்தாள். நாலு கால் இருந்தும் கடைசியில் பூங்காக் கூண்டில்தானே கிடந்தது, என் காளான் ஒற்றைக் காலில் நின்று காட்டையே ஆளுகிறது என்றாள் அண்ணி. உடும்புக்கு நாக்கே இரண்டாகப் பிளந்திருக்கும், வாசனையை நாக்கால் பிடிக்கும் என்றாள் இவள். இரட்டை நாக்கு இந்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, அதற்கு அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்டாள் அவள். உடும்பு இரையைத் தேடி ஓடிப் பிடிக்கும். காளான் ஓடாது, ஆடாது, பல்லும் கிடையாது, ஆனால் ஒரு முழு மரத்தைச் சத்தமில்லாமல் தின்று தீர்த்துவிடும். இப்படியே போயிற்று. தையற்காரர் இருவருக்கும் பொதுவாகச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பக்கம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"ரெண்டுல எது ஜெயிச்சாலும் தோத்தது எங்கிட்டதான் வந்து அழும். நான் அதுக்குத் தயாரா இருக்கேன்."

மறுநாள் உடும்புப்பிடி தன் உடும்பை மேசையில் ஏற்றி நன்றாகப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகமானதால் கிழடுதட்டியது தெரியாமல் போயிருந்தது. உள்ளே அடைத்த பொருள் இறுகி வயிறு ஒட்டிக்கிடந்தது. தலை தொங்கியிருந்தது. பட்டினி கிடந்த உடும்பை எந்தப் பிள்ளை நின்று பார்க்கும்? தோலை ஈரத்துணியில் சுற்றி ஊறவைத்து, இளகியதும் வயிற்றுத் தையலைப் பிரித்தாள். பழைய அடைப்பை வழித்துப் போட்டாள். தலையை நிமிர்த்திக் கம்பி கொடுத்தாள். வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு மரக்குச்சியை முட்டுக் கொடுத்தாள். எல்லாம் ஆன பிறகுதான் புதிதாக அடைக்க மரத்தூள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கிடங்கில் கேட்டால் இல்லை. வாங்கித் தருகிறோம் என்று சொன்னவர்கள் எப்போது என்று சொல்லவில்லை. தோலோ ஈரத்தில் காத்துக் கிடந்தது.

அண்ணியின் அறையில் மரத்தூள் மூட்டை ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். மூலையில், கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தாள். கேட்டால் அண்ணி கொடுப்பாளா? கொடுக்கலாம். ஆனால் தான் போய்க் கேட்டு நிற்பதைப் பார்க்கிற சுகத்தை அவளுக்குக் கொடுக்க இவளுக்கு மனமில்லை. மதியம் அண்ணி சாப்பிடப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். மரத்தூள் கொஞ்சம் ஈரமாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. ஒரு மூட்டையை ஒழுங்காகக் காயவைக்கத் தெரியவில்லை, இவளெல்லாம் பெட்டிக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பாதியை வாளியில் அள்ளினாள். மூட்டை இளைத்துத் தெரியக்கூடாதே என்று பழைய செய்தித்தாள்களைக் கசக்கி அடியில் திணித்து, மேலே மிச்சத் தூளைப் பரப்பி, கறுப்புத் துணியைப் பழையபடி போர்த்தினாள். வெளியே வரும்போது சும்மா வரவில்லை. அண்ணியின் முக்காலியைத் திருகி உயரத்தைக் குறைத்து வைத்துவிட்டு வந்தாள்.

உடும்பு குண்டாகிவிட்டது. தொண்டைவரை அடைத்துத் தைத்து முடித்ததும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடப் போகிற மாதிரி ஒரு களை வந்தது. நாக்கை மட்டும் கடைசியில் பொருத்துவதாக வைத்திருந்தாள். அண்ணன் கடையில் மிஞ்சிய மெல்லிய தோலில் வெட்டி, நுனியைப் பிளந்து, நீலம் கலந்த கறுப்பு பூசிய அழகான நாக்கு. பிறகு உடும்பைத் தலையோடு சேர்த்து ஈரத்துணியால் சுற்றினாள். அந்த வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. தோல் மெதுவாகத்தான் காய வேண்டும், நடுவில் துணியை விலக்கிப் பார்த்தால் காற்றுப் பட்டு வெடித்துவிடும். ஆகவே சனிக்கிழமைவரை கைவைப்பதில்லை என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டாள்.

அந்த நாட்களில் வீட்டில் சில அதிசயங்கள் நடந்தன. அண்ணி திடீரென்று தேனாக மாறினாள். சாப்பாட்டில் நல்ல பங்கை எடுத்து நாத்தனார் தட்டில் வைத்தாள். உடும்புக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தாள். காலையில் பஸ் கூட்டமில்லாமல் இருக்கும் என்று சொல்லி முதல் ஆளாகக் கிளம்பிப் போனாள். தையற்காரருக்கோ வேறு துக்கம். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்க வைத்திருந்த பாட்டிலைக் காணவில்லை. தண்ணீர் விசிறுகிற மூடி உடைந்து, கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி அவரே சரிசெய்து வைத்திருந்த பாட்டில். கடையைத் தலைகீழாகப் புரட்டித் தேடியும் கிடைக்காமல், கையால் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டு புலம்பினார்.

உடும்பின் வாய்ப்பக்கத் துணி தினமும் காலையில் சொட்டச் சொட்ட ஈரமாக இருப்பதை உடும்புப்பிடி பார்க்காமல் இல்லை. கூரையைத் திட்டினாள். வெள்ளிக்கிழமை அந்த இடம் கொஞ்சம் உப்பியும் இருந்தது. மரக்குச்சி நழுவியிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். விடுகிற பழக்கமே இல்லாதவள் விட்ட ஒரே விஷயம் அது.

சனிக்கிழமை அவள் நாக்கும் பசையுமாகச் சீக்கிரமே வந்து பார்த்தால் அறையில் உடும்பைக் காணவில்லை. நிர்வாகி சுறுசுறுப்பாக ஆள் வைத்து, துணி சுற்றியபடியே அதை முன்மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அவள் ஓடினாள். பிள்ளைகள் அதற்குள் வந்து நிறைந்திருந்தார்கள். எதிர் மேசையில் அண்ணியின் மெழுகுக் காளான் ஒரு மரத்துண்டின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் அண்ணி வேலை செய்யும்போது மாட்டுகிற மேலங்கியோடு, கையைக் கட்டிக்கொண்டு, புன்னகை பூத்து நின்றாள். நாக்கைப் பொருத்த ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று உடும்புப்பிடி கேட்க வாயெடுப்பதற்குள் நிர்வாகி துணியின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

உடும்பின் வாயிலிருந்து காளான் முளைத்திருந்தது. ஒன்று இரண்டு இல்லை. வாய் கொள்ளாமல் அடுக்கடுக்காகப் பிதுங்கி, மேலே விரிந்து, கீழே தாடியாகத் தொங்கி, சாம்பல் நிறத்தில் பளபளவென்று நின்றன. வயிற்றுத் தையல் இடுக்கிலிருந்தும் இரண்டு குட்டிக் குடைகள் எட்டிப் பார்த்தன. உடும்புப்பிடி கையில் நாக்கை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

பிள்ளைகள் மொத்தமாக உடும்பை நோக்கிப் பாய்ந்தார்கள். உடும்பு காளானை வாந்தியெடுக்கிறது என்றான் ஒருவன். இல்லை, காளான்தான் உடும்பைத் தின்கிறது என்றாள் இன்னொருத்தி. இரண்டு கட்சியாகப் பிரிந்து வழக்காடினார்கள். ஆசிரியை ஒரு பக்கம் கூப்பிட, அவர்கள் இன்னொரு பக்கம் நெருக்கியடித்தார்கள். மெழுகுக் காளானுக்கு முன்னால் ஒரு ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் உடும்புப் பக்கம் போய்விட்டது.

நிர்வாகியின் முகத்தில் சூரியன் உதித்திருந்தது. இது உங்கள் யோசனையா, சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம் என்று அவள் கையைக் குலுக்கப் பார்த்தார். கையில் நாக்கு இருந்ததால் நாக்கைக் குலுக்கினார்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். பெட்டி அவளுக்கு, சின்ன அறை அவளுக்கு. அவள் கண் எதிர் மேசைக்குப் போனது. மெழுகில் இருப்பதும் உடும்பின் வாயில் இருப்பதும் ஒரே காளான், ஒரே அடுக்கு, ஒரே சாம்பல். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டியதில்லை. அந்த மூட்டை வெறும் மரத்தூள் இல்லை. மெழுகுக் காளானின் பக்கத்தில் வைப்பதற்காக அண்ணி உயிருள்ள காளானை அதில் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வித்துப் போட்டு, ஈரம் காட்டி, இருட்டில் போர்த்தி. அந்த வெள்ளை நூல்தான் காளானின் வேர் மாதிரி. அதை அள்ளிக்கொண்டு வந்து, காய வைக்கத் தெரியாதவள் என்று அவளையே திட்டியும் ஆயிற்று. அண்ணியின் புன்னகை எங்கோ போயிருந்தது. யாரும் பார்க்காத மெழுகுக் காளானின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உடும்புப்பிடிக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்துக்குச் சமமாக ஜெயிக்கவேண்டும் போலவும் இருந்தது. தலை தானாகவே ஆடத் தொடங்கியது. பாதி ஆட்டத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது, வாழ்க்கையில் அவள் செய்த எந்த வேலையையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"சார், உடும்புதான் என்னோடது. காளான் எங்க அண்ணியோடது. அவங்க மூட்டையில இருந்து கேக்காம எடுத்து அடைச்சேன். பிள்ளைங்க பாக்கறது காளானத்தான்."

நிர்வாகிக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை வைத்து, அப்படியானால் ஜெயித்தது காளான்தானா, டிக்கெட் ஜன்னலுக்கு நீங்கள் போகச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றாள். உடும்பின் தலையைத் தட்டப் போன கை காளானில் பட்டு நின்றது.

அப்போதுதான் அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மேலங்கிப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டில். கழுத்தில் சிவப்பு நூல்.

"அது தானா வளரல சார். தினம் காலையில வந்து நான்தான் தண்ணி அடிச்சேன்."

எல்லாவற்றையும் அவளே சொன்னாள். தூள் திருடுபோன அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். மூட்டைக்குள் கைவிட்டால் செய்தித்தாள் வந்தது, முக்காலியில் உட்கார்ந்தால் முகவாய் மேசையில் இடித்தது. இதைச் செய்யக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். சண்டைக்குப் போகத்தான் இருந்தாள். உடும்பு தொண்டைவரை மரத்தூளோடு படுத்திருப்பதைப் பார்த்ததும் வேறு யோசனை வந்துவிட்டது. வளரட்டும், சனிக்கிழமை எல்லார் முன்னாலும் துணியை எடுக்கும்போது பூஞ்சை பிடித்த உடும்பைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும் என்று திட்டம் போட்டு, துணி நுனியைத் தூக்கி அளவாகத் தெளித்துவந்தாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துத் தொலைக்கும் என்று அவள் கணக்குப் போடவில்லை. இவள் உண்மையைப் போட்டு உடைப்பாள் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

உடும்புப்பிடி பாட்டிலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அந்த நாட்களில் தட்டில் விழுந்த நல்ல பங்கெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அடப்பாவி அண்ணி. உடும்புக்கு உடம்பு எப்படி இருக்குன்னு வேற கேட்டீங்களே."

"வளர்த்தவளுக்கு அக்கறை இருக்காதா?" என்றாள் அண்ணி.

முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. சிரிப்பு கண்ணீராகி, நிர்வாகி சங்கடத்தோடு மேற்கூரையைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எதைப் பெட்டிக்குள் வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் அவர். இருவரும் உண்மையைச் சொன்னார்கள். இந்தக் காளான் சில நாளில் வாடிவிடும். அதற்குள் உடும்பும் உள்ளே அழுகிவிடும். இதே காட்சி நிலைத்து நிற்க வேண்டுமானால் ஒருத்தி உடும்பைக் காய்ந்த தூளால் மறுபடி அடைக்க வேண்டும், இன்னொருத்தி வாயிலிருந்து வழிகிற காளானை மெழுகில் செய்ய வேண்டும். ஒருத்தி மட்டும் செய்தால் காரியம் ஆகாது. அப்படியென்றால் டிக்கெட் ஜன்னலுக்கு யார் என்று கேட்டார். நான் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். காலையில் ஒருத்தி, மதியத்துக்கு மேல் ஒருத்தி என்று முடிவாயிற்று. அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிகிறது என்று இருவரும் இன்றைக்கும் முறை வைத்துப் புலம்புகிறார்கள்.

உடும்பு இப்போது பெட்டிக்குள் இருக்கிறது, வாய் நிறையக் காளானோடு. நாக்குக்கு அதில் இடமில்லை. அதனால் அதைத் தையற்காரர் தன் அளவெடுக்கும் நாடாவின் நுனியில் அடையாளத்துக்காகத் தைத்துக்கொண்டார். தெளிக்கிற பாட்டில் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில், அது எங்கே போயிருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் இரண்டு பேரில் ஒருத்தி பக்கம் பேச வேண்டிவரும் என்று தெரியும்.

சின்ன அறையை நடுவில் பலகை வைத்து இரண்டாகத் தடுத்துக்கொண்டார்கள். அண்ணி தன் பக்கத்துக்கு ஒரு பூட்டு வாங்கினாள். இரண்டு சாவியில் ஒன்றைச் சிவப்பு நூலில் கட்டி நாத்தனார் கையில் கொடுத்தாள். வேண்டுமென்றால் கேட்காமலே எடுத்துக்கொள் என்றும் சொன்னாள். உடும்புப்பிடிக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே தன் பக்கத்துக்கும் ஒரு பூட்டு வாங்கினாள், அந்த இரண்டு சாவிகளையும் தானே வைத்துக்கொண்டாள்.